மானா, கராம்பு எண்ணெய் ஊற்றி மலேரியா நுளம்புக் குடம்பிகளை அழிக்க முடியுமா?

ஒரு குவளைத் தண்ணீரில் முடியும். ஆற்றில் முடியாது. ஓடையில் ஊற்றிப் பார்க்கவும் வேண்டாம்.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இதே கேள்வியை என் வகுப்புப் பிள்ளைகளும் கேட்டார்கள். தேயிலையைப் பிடுங்கிய மலைகளில் மண்ணைத் தேற்ற மானாப்புல் நடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அந்த வாசம் நுளம்பை விரட்டும் என்று வீட்டில் சொல்லக் கேட்டவர்கள்.

கையில் கிடைத்தது கராம்பு எண்ணெய்தான். லயத்துப் பீப்பாயிலிருந்து குடம்பிகளை அள்ளி மூன்று குவளைகளில் விட்டோம். ஒன்றில் வெறும் தண்ணீர், அடுத்ததில் கொஞ்சம் சவர்க்காரம், மூன்றாவதில் அதே அளவு சவர்க்காரத்தோடு சில துளி எண்ணெய். சவர்க்காரம் இல்லாவிட்டால் எண்ணெய் தண்ணீரில் கலக்காது. மறுநாள் காலை எண்ணெய்க் குவளையில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. ஆனால் சவர்க்காரம் மட்டும் போட்ட குவளையிலும் பல செத்துக் கிடந்தன! சவர்க்காரம் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும்; நீர்மட்டத்தில் தங்கி மூச்சு விட முடியாமல் போய்விடும். "எண்ணெய் ஊற்றினேன், எல்லாம் செத்துப் போச்சு" என்று யாராவது எழுதினால், கூடவே சவர்க்காரம் போட்டாரா என்று கேளுங்கள்.

எண்ணெய்க்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. கராம்பிலுள்ள யூஜினோல் பூச்சிகளின் நரம்பைத் தாக்கும். கறுவா எண்ணெயும், மானாப்புல் இனத்திலிருந்து எடுக்கும் சிட்ரொனெல்லா எண்ணெயும் ஆய்வுகூடத்தில் குடம்பிகளைக் கொன்றிருக்கின்றன. ஆனால் இவை சீக்கிரமே ஆவியாகிவிடும், அதன் பிறகு நுளம்பு மறுபடி வந்து முட்டையிடும்.

"அப்ப ஆத்துல நெறைய ஊத்துனா என்ன சேர்?" என்றான் ஒருவன். மீன்களை மயக்கவும் இதே கராம்பு எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறார்கள். குடம்பியைத் தின்னும் மீனையே மயக்கிப்போட்டு நமக்கு என்ன லாபம்? போதாததற்கு, நம் பீலித் தண்ணீரும் அந்த ஓடையிலிருந்துதான் வருகிறது.

இன்னொன்று, பீப்பாயில் தலைகீழாகத் தொங்குபவை பெரும்பாலும் மலேரியா நுளம்பின் குடம்பிகள் அல்ல. அனோபிலிஸ் குடம்பிக்கு மூச்சுக்குழல் இல்லாததால் நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய நுளம்பான அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ், வற்றும் ஆற்றின் குட்டைகளிலும் கைவிட்ட மாணிக்கக் குழிகளிலும் பெருகுவது. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகிப் போனதால்தான் இலங்கையில் மலேரியாப் பெருங்காய்ச்சல் வந்தது. கேகாலைப் பக்கம் மிக மோசம். மொத்தம் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். மைல் கணக்கில் கிடக்கும் குட்டைகளுக்கு எந்தப் போத்தல் எண்ணெய் காணும்?

உள்நாட்டுக் கிருமியால் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012இல் பதிவானார். 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. வீடுகளுக்கு மருந்தடித்து, வலை கொடுத்து, காய்ச்சல்காரரின் இரத்தத்தைப் பரிசோதித்து உடனே மருந்து கொடுத்துப் பெற்ற பலன் அது. நுளம்பு இன்னும் இருக்கிறது, கிருமிதான் வெளியிலிருந்து வர வேண்டும்.

ஆகவே பீப்பாயை மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், அது டெங்குவுக்காக. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், எங்கே போனார் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.