ஜூரி கண்ணாடி வேணாம்னா உடனே தூண் வெக்கணுமா?

பிளான் பாத்தேங்க. பழைய கல் மியூசியத்தோட கிழக்குச் சுவர்ல ஒட்டுன மாதிரி புதுசா சேக்குற மூணு மாடி கண்ணாடிப் பெட்டி, ஜூரி (டிசைனை மதிப்பிடுற குழு) அது பழசை அமுக்குதுன்னு சொன்னதும் இப்ப அதே மாதிரி தூண் வெச்சு காப்பி அடிக்கலாமான்னு கேக்குறீங்க. அவசரப்படாதீங்க, பிரச்சனை கண்ணாடி இல்ல, உயரம்தான். அமெரிக்கால கான்சஸ் சிட்டி நெல்சன்-அட்கின்ஸ் மியூசியம் பாருங்க, 1933ல திறந்த கல் கட்டடம், 2007ல ஆர்க்கிடெக்ட் ஸ்டீவன் ஹோல் சேத்த பகுதில கேலரியெல்லாம் பெரும்பாலும் மண்ணுக்குக் கீழ, வெளிய தெரியறது புல்சரிவுல இறங்கிப் போற அஞ்சு கண்ணாடிக் கூடுதான், பழசு தலை நிமிந்து நிக்குது. தூண்தான் வேணும்னா லண்டன் நேஷனல் கேலரில 1991ல சேத்த செயின்ஸ்பரி விங்ங்கற புதுப் பகுதியைப் பாருங்க, பழைய முகப்போட தூணையே எடுத்து ஒரு ஓரத்துல நெருக்கியடிச்சு நிறுத்திட்டு போகப் போக மறைய விட்டிருப்பாங்க, குறும்புதான், ஆனா காப்பி இல்ல.

அப்புறம் அந்த ஒட்டுற இடம். புது அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கும், பழசு எப்பவோ இறங்கி முடிச்சிருக்கும், நேரா ஒட்டினா விரிசல்தான். நடுவுல ஒதுங்கின மாதிரி ஒரு ஒல்லியான இணைப்பு விடுங்க. ஆமா, அந்த தெற்குக் கண்ணாடிக்குப் பின்னாடியா வாட்டர்கலர் மாட்டியிருக்கீங்க? வெயில்ல வெளுத்துடும், அதுக்கெல்லாம் 50 லக்ஸ் (வெளிச்சத்தோட அளவு) வரைதாங்க, உள்ள தள்ளுங்க.