விளம்பரத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? – மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே விளம்பரங்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்லித் தருகிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் முதலில் கேட்டவருக்குத்தான் முழுப் பதில்.

பத்தாம் வகுப்பு மாணவி, திருச்சி: சார், ஒரு டிவி விளம்பரத்தில் உள்ள இணங்கவைக்கும் உத்திகளை எழுதச் சொன்னார்கள். ஊட்டச்சத்து பான விளம்பரம் ஒன்றை எடுத்து, “இதில் ஈத்தாஸ் உள்ளது, பேத்தாஸ் உள்ளது, இது மக்களைக் கவர்கிறது” என்று எழுதினேன். பத்துக்கு நாலுதான் வந்தது. என்ன தப்பு?

எழுதியது தப்பில்லைம்மா, பாதியில் நிறுத்தியதுதான் தப்பு. சொல்பவர் யார் என்பதை வைத்து நம்பவைப்பது ஈத்தாஸ், மனதைத் தொட்டு நம்பவைப்பது பேத்தாஸ், காரணமும் கணக்கும் காட்டி நம்பவைப்பது லோகாஸ். அரிஸ்டாட்டில் மேடைப் பேச்சுக்காகச் சொன்னவை இவை. ஆனால் “இதில் பேத்தாஸ் உள்ளது” என்று எழுதுவது “இந்தக் குழம்பில் புளி உள்ளது” என்பது போலத்தான். எதற்காகப் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்று சொன்னால்தான் மார்க்.

உங்கள் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாரும் இதே அச்சில்தான் எடுக்கிறார்கள். ஓட்டப்பந்தயத்தில் பையன் கடைசியாக வருகிறான். பக்கத்து வீட்டு அம்மா அவன் அம்மாவை ஒரு பார்வை பார்க்கிறார். அப்புறம் சமையலறை, கண்ணாடி தம்ளரில் பால், இரண்டு ஸ்பூன் பவுடர். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் தலையாட்டுகிறார். எலும்புக்குள் ஏதோ பளபளவென்று பாய்கிற அனிமேஷன். கடைசியில், சுவரில் பென்சிலால் போட்டிருந்த கோட்டைத் தாண்டிப் பையன் வளர்ந்து நிற்கிறான்.

முதல் கேள்வி: இது யாரிடம் பேசுகிறது? பையனிடம் இல்லை. பணம் கொடுப்பவர் அம்மா, அதனால் அம்மாவிடம். அந்தப் பக்கத்து வீட்டுப் பார்வை ஒரு நொடிதான் வருகிறது, ஆனால் விளம்பரத்தின் மொத்த பாரமும் அதன் மேல்தான். “உன் பிள்ளையை நீ சரியாகக் கவனிக்கவில்லை” என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்க்கிற அம்மா தானாகவே சொல்லிக்கொள்கிறார். அந்தக் குற்ற உணர்வு வந்த கையோடு டப்பாவைக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது: என்ன சொல்லாமல் விட்டார்கள்? பவுடரைக் கலக்கிய பாலை. 200 மில்லி பாலிலேயே சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. சர்க்கரை எவ்வளவு என்பதையும் சொல்லவில்லை. அந்த வயதுப் பையன் ஒரு வருடத்தில் எப்படியும் வளருவான் என்பதையும் சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டுக்காரருக்குப் பெயர் உண்டா, படிப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அனிமேஷனுக்குக் கீழே “சித்தரிப்பு மட்டுமே” என்ற வரி ஓடுகிறதா என்றும் பாருங்கள். சின்ன எழுத்தைப் படிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

இன்னொரு தகவலையும் சேர்த்துக்கொள்ளலாம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உட்பட இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி ஆன்லைன் விற்பனைத் தளங்களிடம் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. அதே மாதம் ஹார்லிக்ஸும் தன்னை வகைப்படுத்திக்கொள்ளும் பெயரிலிருந்து ‘ஹெல்த்’ என்பதை எடுத்துவிட்டது. அந்த ஒரு சொல் அத்தனை வருடமும் எவ்வளவு வேலை பார்த்திருக்கும் என்று யோசியுங்கள்.

இதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் எழுதினால்: “பக்கத்து வீட்டுத் தாயின் பார்வை வழியே குற்ற உணர்வைத் தூண்டி, அதற்கு மருந்தாகப் பொருளை வைக்கும் இந்த விளம்பரம், வளர்ச்சியில் பாலுக்கும் வயதுக்கும் உள்ள பங்கை மறைக்கிறது.” கிரேக்கப் பெயரே இல்லாமல் எட்டு மார்க் வாங்கும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன், மதுரை: மொத்தம் எத்தனை உத்திகள் சார்? எங்கள் மிஸ் ஏழு என்கிறார், கைடில் பன்னிரண்டு இருக்கிறது.

ஏழு என்ற கணக்கு 1937ல் அமெரிக்காவில் தொடங்கிய பிரசாரப் பகுப்பாய்வு நிறுவனம் ஒன்று வெளியிட்டது. வசைப்பெயர் சூட்டுதல், பளபளப்பான பொதுச்சொற்கள், மதிப்பை இடம் மாற்றுதல், சான்று சொல்லவைத்தல், ‘நானும் உங்களில் ஒருவன்’, சாதகமானதை மட்டும் அடுக்குதல், ‘ஊரே வாங்குகிறது’ ஆகியவை அந்த ஏழு. கவனியுங்கள் தம்பி, அவர்கள் பயந்தது சோப்பு விளம்பரத்துக்கு இல்லை, அந்தக் காலத்து அரசியல் பிரசாரத்துக்கு. பிறகு வந்த பாடப்புத்தகக்காரர்கள் ஆளுக்கு இரண்டு சேர்த்துக்கொண்டார்கள். உங்களுக்கு மார்க் போடப் போகிறவர் மிஸ், அதனால் ஏழு.

ஏழாம் வகுப்பு மாணவி, சேலம்: வாட்ச் விளம்பரத்தில் எப்போதும் மணி பத்து பத்து ஏன்?

முள் இரண்டும் மேல்நோக்கி விரிந்து சிரிக்கிற மாதிரி தெரியும், நடுவில் உள்ள கம்பெனி பெயரும் மறையாது. நல்ல கண் உங்களுக்கு.

ஒரு தந்தை, வேலூர்: விளம்பரங்களில் கண்ணுக்குத் தெரியாத செய்திகளை ஒளித்துவைத்து நம் ஆழ்மனதை ஆட்டிவைக்கிறார்கள் என்று என் மகனுக்குச் சொல்லித் தருகிறேன். அதையும் பாடத்தில் சேர்க்கலாமே?

வேண்டாம் ஐயா. அந்தக் கதை ஜேம்ஸ் விக்கரி என்பவரிடமிருந்து கிளம்பியது. நியூஜெர்சியில் ஒரு தியேட்டரில் படம் ஓடும்போது ‘பாப்கார்ன் சாப்பிடு’, ‘கோக் குடி’ என்று கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மின்னவிட்டதாகவும், கோக் விற்பனை 18.1 சதவீதமும் பாப்கார்ன் 57.7 சதவீதமும் ஏறியதாகவும் 1957ல் சொன்னார். 1962ல் அது தன் தொழிலைத் தூக்கி நிறுத்தச் செய்த வித்தை என்று அவரே ஒத்துக்கொண்டார். அந்தத் தசமப் புள்ளியைப் பாருங்கள். சும்மா ‘நிறைய ஏறியது’ என்றிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? மகனுக்குச் சொல்லித் தர வேண்டியது அந்தப் புள்ளியைத்தான். ஒளித்துவைத்ததைத் தேடுகிற பிள்ளை, பட்டப்பகலில் எதிரே நிற்பதைக் கோட்டை விட்டுவிடும்.

பிளஸ் ஒன் மாணவன், கோவை: “கொலஸ்ட்ரால் இல்லாத கடலை எண்ணெய்” என்று ஒரு பாக்கெட்டில் பார்த்தேன். இது லோகாஸ்தானே?

லோகாஸ் வேஷம் போட்ட ஒன்று. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் வருகிற அளவுக்கு இருப்பதில்லை, பக்கத்தில் உள்ள போட்டிக் கம்பெனி எண்ணெயையும் சேர்த்துத்தான். சொன்னது உண்மை, ஆனால் அவனிடம் மட்டும் இருப்பது போன்ற தோற்றம் பொய். நகைக்கடை விளம்பரத்தில் ‘ஹால்மார்க் தங்கம்’ என்று கொட்டை எழுத்தில் போடுவதும் இதே குடும்பம்தான். 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் படிப்படியாகச் சட்டக் கட்டாயமாகிவிட்டது. கட்டாயத்தைச் சலுகை மாதிரி கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டு அலமாரியில் இந்த மாதிரி இன்னும் நாலு கிடைக்கும், தேடுங்கள்.

பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்: கறை போகிறது, பாத்திரம் மின்னுகிறது என்று செய்தே காட்டுகிறார்களே, அதை எப்படிச் சந்தேகப்படுவது?

அமெரிக்காவில் பாமாலிவ் ரேப்பிட் ஷேவ் என்ற சவர நுரைக்கு ஒரு விளம்பரம் வந்தது. உப்புத்தாளின் மேல் நுரையைத் தடவி, உடனே ரேசரால் ஒரு இழுப்பு, மணல் அப்படியே வழித்துக்கொண்டு வரும். உப்புத்தாளையே சவரம் செய்கிற நுரை என்றால் தாடி எம்மாத்திரம்? விசாரித்தால், அது உப்புத்தாளே இல்லை, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டில் மணலைத் தூவியது. நிஜ உப்புத்தாளைச் சவரம் செய்ய வேண்டுமானால் ஏறக்குறைய 80 நிமிடம் ஊறவைக்க வேண்டியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1965ல் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ‘கண்ணாலேயே பார்த்தாயே’ என்று நம்பவைக்கிற இடத்தில் மாற்றுப்பொருளைச் சொல்லாமல் வைப்பதே ஏமாற்று என்றது நீதிமன்றம். செய்முறைக் காட்சி வந்தால் இரண்டு இடத்தில் கண் வையுங்கள்: காட்சி எங்கே வெட்டி ஒட்டப்படுகிறது, வெட்டின நேரத்தில் என்ன நடந்திருக்கலாம். கீழே ஓடுகிற சின்ன எழுத்தையும்தான்.

பத்தாம் வகுப்பு மாணவன், ஈரோடு: ஈத்தாஸ், பேத்தாஸ், லோகாஸ் மூன்றுக்கும் வித்தியாசம் என்ன?

திருச்சி மாணவிக்கான பதில்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, கடலூர்: கடை முதலாளியே விளம்பரத்தில் வந்தால் அது எந்த உத்தி? வகுப்பில் சண்டையே வந்துவிட்டது.

வரவேண்டிய சண்டைதான். வசந்த் அண்ட் கோ வசந்தகுமாரில் ஆரம்பிக்கலாம். 1978ல் கடை தொடங்கியவர், பிறகு கன்னியாகுமரி எம்.பி. ஆனவர். தன் கடை விளம்பரத்தில் தானே வந்து நின்றார். வடக்கே எம்.டி.எச். மசாலாவின் தரம்பால் குலாட்டி தலைப்பாகையோடு தொண்ணூறு வயது தாண்டியும் வந்தார். நடிகர் சொன்னால் ‘காசு வாங்கிச் சொல்கிறார்’ என்று தெரியும். முதலாளி சொன்னால், ‘ஏதாவது என்றால் இந்த முகத்தைத்தான் கேட்பேன்’ என்ற எண்ணம் வருகிறது. முகத்தையே பிணையாக வைக்கிறார். என் கணக்கில் அது ஈத்தாஸ், கூடவே ‘நானும் உங்களில் ஒருவன்’.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கோடீஸ்வரர் எப்படி ‘உங்களில் ஒருவர்’ ஆவார்?

ஆக வேண்டியதில்லை ஐயா, அப்படித் தெரிந்தால் போதும். கேமராவைப் பார்த்து, திருத்தாத பேச்சில், கடைக்குள்ளேயே நின்று சொல்கிறார். சொத்து அங்கே தெரியாது, நிற்கிற விதம்தான் தெரியும்.

கோவை மாணவன், மறுபடியும்: அப்படியானால் சரவணா ஸ்டோர்ஸ் அருள் சரவணன்? அவர் ஹன்சிகா, தமன்னாவோடு ஆடினாரே! அதில் எளிமை எங்கே?

சபாஷ். இதற்காகத்தான் பெயர்ப் பட்டியலை நம்பாதீர்கள் என்கிறேன். முதலாளி வருவது பொது, உத்தி வேறு. நட்சத்திரத்தின் பளபளப்பு பக்கத்தில் நிற்பவர் மேல் ஒட்டுகிறது. இது இடம் மாற்றுதல். ஊரே கேலி பேசியது, பேசப் பேசக் கடைப் பெயரும் பரவியது. 2022ல் அவரே கதாநாயகனாகப் படமும் வந்துவிட்டது.

ஜவுளிக் கடைக்காரர், ஈரோடு: உத்தியும் இல்லை ஒன்றும் இல்லை. நடிகருக்குக் கொடுக்கிற சம்பளம் மிச்சம், அவ்வளவுதான்.

அண்ணாச்சி, சம்பளம் மிச்சம் என்பது அவர் ஏன் வந்தார் என்பதற்குக் காரணம். பார்க்கிறவர் ஏன் நம்பினார் என்பது வேறு கேள்வி, பரீட்சையில் கேட்பது அதைத்தான். அதோடு, ஹன்சிகா சும்மாவா ஆடினார்?

தமிழாசிரியர்: இருந்தாலும் ‘இன்னொரு கடையில் விலை கேட்டுவிட்டு வாருங்கள்’ என்று சொல்கிற நகைக்கடை முதலாளியை நான் நேர்மையாளர் என்றே நினைக்கிறேன்.

நினையுங்கள் ஐயா, அதற்காகத்தான் அந்த வரியை எழுதினார்கள். 1980களில் கிரைஸ்லர் கார் கம்பெனித் தலைவர் லீ அயகோக்கா, இதைவிட நல்ல கார் கிடைத்தால் அதையே வாங்குங்கள் என்று டிவியில் வந்து சொன்னார். கேட்டவர்களில் எத்தனை பேர் நாலு ஷோரூம் ஏறி இறங்கியிருப்பார்கள்? ஒப்பிடச் சொல்வதே ஒப்பிட்டு முடித்த நிம்மதியைத் தந்துவிடும். அவர் நேர்மையாளராகவும் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. உண்மையிலேயே ஒப்பிடுவதானால் செய்கூலி, சேதாரம் இரண்டையும் ரூபாயில் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். இந்தச் சண்டையை இதோடு நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பிளஸ் ஒன் மாணவி, விழுப்புரம்: விளம்பரம் முழுக்கத் தமிழில், கீழே நிபந்தனை மட்டும் ஆங்கிலத்தில். இது சரியா?

சரியில்லை. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வந்த மத்திய அரசு வழிகாட்டு நெறிகளின்படி, வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ பொறுப்புத்துறப்பும் அதே மொழியில் இருக்க வேண்டும். வாக்குறுதியில் மறைத்ததைப் பொறுப்புத்துறப்பில் போட்டுத் தப்பிக்கவும் கூடாது. உங்கள் கட்டுரையில் இதை எழுதுங்கள், நல்ல கண்டுபிடிப்பு. மற்ற எல்லாரும் பாருங்கள், சின்ன எழுத்தைப் படித்த ஒரு பெண்!

ஒரு தாய், நாமக்கல்: ரிசல்ட் வந்ததும் பேப்பர் முழுக்க கோச்சிங் சென்டர் விளம்பரம். ஒரே மாணவன் படம் இரண்டு சென்டர் விளம்பரத்தில் வருகிறதே?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம் அம்மா, அதுதான் வேடிக்கை. ஒன்றில் வருடம் முழுக்கப் படித்திருப்பான், இன்னொன்றில் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியிருப்பான். ஐ.ஏ.எஸ். பயிற்சி விளம்பரங்களில் நேர்காணல் பயிற்சிக்கு மட்டும் வந்தவரை ‘எங்கள் மாணவர்’ என்று போட்டதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதமே விதித்திருக்கிறது. 2024 நவம்பரில் வந்த விதிப்படி, படம் போட்டால் அவர் என்ன படிப்பு, எவ்வளவு காலம், காசு கட்டியா இலவசமா என்று சொல்ல வேண்டும். வெற்றி பெற்ற பிறகுதான் அவரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். சேர்ப்பதற்கு முன், மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேளுங்கள். படத்தில் இல்லாதவர்கள்தான் அதிகம்.

கல்லூரி மாணவர், சென்னை: விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய போன் சரியில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லோடு கூப்பிடுங்கள்.

பிளஸ் டூ மாணவன், திருநெல்வேலி: ஆழ்மன விளம்பரம் பற்றி…

வேலூர் தந்தைக்கான பதில்.

எட்டாம் வகுப்பு மாணவன், திண்டுக்கல்: மொத்தம் எத்தனை உத்தி சார்?

ஏழு. பன்னிரண்டு. நூறு. எண்ணுவதை விடுங்கள் தம்பி!

ஒன்பதாம் வகுப்பு மாணவன், ஆம்பூர்: எங்கள் தெருவில் ‘திறப்பு விழாச் சலுகை: 1 ரூபாய்க்கு பிரியாணி’ என்று பேனர். நாளைக்குக் கட்டுரை கொடுக்கணும். நீங்களே எழுதித் தர முடியுமா சார்?

முடியாது. ஆனால் கேள்விகளைத் தருகிறேன். முதலில் வரும் எத்தனை பேருக்கு? எத்தனை மணி வரை? பார்சலா, உட்கார்ந்து சாப்பிடவா? அந்த எண்ணிக்கை பேனரில் எந்த மூலையில், எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது? மேலே சொன்ன 2022 நெறிகளில் இதற்கு ‘தூண்டில் விளம்பரம்’ பற்றி ஒரு பகுதியே உண்டு: கொடுக்க முடிகிற அளவுக்குச் சரக்கு இல்லாமல் விலையைக் காட்டி ஆள் கூட்டக் கூடாது. கடைக்காரருக்கு லாபம் அந்த ஒரு ரூபாயில் இல்லை, வாசலில் நிற்கிற வரிசையில். அதைப் போட்டோ எடுத்தால் அடுத்த விளம்பரம் தயார். சாயங்காலம் ஒரு நடை போய் பேனரின் அடிப்பக்கத்தைப் படித்துவிட்டு வந்து எழுத உட்காருங்கள்.