பெனிசிலின் ஊசி போட்ட பத்தாவது நிமிடம்

கேள்வி: மூன்றாம் ஈத்து ஜெர்சி கலப்பினப் பசு. மடி வீங்கியதால் மருந்துக்கடையில் ஸ்ட்ரெப்டோபெனிசிலின் வாங்கி, ஊரில் ஊசி போடுபவரை வைத்துப் போட்டோம். பத்தே நிமிடத்தில் இமை வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது. டாக்டர் வந்து பிழைக்க வைத்தார். போன ஈத்தில் இதே ஊசிதான், ஒன்றும் ஆகவில்லை. மருந்து போலியா?
- பள்ளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: போலியாக இருக்காது தம்பி. நல்ல பெனிசிலினே இதைச் செய்யும். போன ஈத்தில் போட்டபோதுதான் உடம்பு அந்த மருந்தை அடையாளம் வைத்துக்கொண்டது; இந்தத் தடவை எதிரி என்று பாய்ந்துவிட்டது. இதுதான் ஒவ்வாமை, அலர்ஜி என்பார்களே அது. மாட்டுக்கு இது முக்கியமாக நுரையீரலைத்தான் பிடிக்கும். (ஊசி இறங்கும்போதே மாட்டுக்கு வலிப்பு மாதிரி வெட்டி இழுத்திருந்தால், மருந்து ரத்தக்குழாயில் போயிருக்கும். அது வேறு கணக்கு.) டாக்டர் போட்டது அட்ரினலினாக இருக்கும்; இந்த ஒவ்வாமைக்கான அவசர ஊசி. அது கையில் இல்லாதவர் பெனிசிலின் குப்பியைத் தொடவே கூடாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இனி இந்த மாட்டுக்கு எதெல்லாம் ஆகாது என்று. ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளாக்சசிலின் எல்லாம் பெனிசிலினின் பங்காளிகள். காம்புக்குள் ஏற்றும் ட்யூபிலும் இவை இருக்கும். செஃப்ட்ரையாக்சோன் தூரத்து உறவு. போடுமுன் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

சொல்வதற்கு எழுதி வைத்திருக்க வேண்டுமே! காரைக்குடிப் பக்கம் ஒரு கொட்டிலில், போன மாதம் என்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டேன். "வெள்ளை மருந்து சார், பவுடரைக் கலக்கிப் போட்டது" என்றார். வெள்ளைப் பவுடர் எத்தனையோ இருக்கிறது. வட்டிக் கடையில் காலணா விடாமல் ஐந்தொகைக் கணக்குப் போட்ட செட்டிநாட்டுச் சீமை இது. மாட்டு ஊசிக்கு ஒரு வரி எழுத ஆளில்லை. கொட்டில் தூணில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, மாடு, மருந்தின் பெயர். எழுத வராதா, காலிக் குப்பியையாவது எறியாமல் வையுங்கள். இருபது வருஷமாக இதைத்தான் கத்துகிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

மருந்துக்கடைக்காரர் உங்கள் மாட்டின் மடியைத் தடவினாரா, பாலைப் பீய்ச்சி, அதில் திரிதிரியாகக் கட்டி இருக்கிறதா என்று பார்த்தாரா? வீக்கம் என்றதும் எந்தக் குப்பி கைக்கு வந்ததோ அதை நீட்டினார். அதற்குப் பெயர் வைத்தியம் இல்லை, வியாபாரம்.

ஊசி போட்ட மாட்டின் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். காய்ச்சினாலும் பெனிசிலின் முழுக்கப் போகாது. பெனிசிலின் ஆகாத மனிதருக்கு அந்தப் பாலே வினையாகலாம். எத்தனை நாள் என்று டாக்டரைக் கேளுங்கள். மறுபடி மடி வீங்கினால் கால்நடை ஆம்புலன்சுக்கு, 1962-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை அந்தக் காம்பை ஒட்டக் கறந்து, பாலைத் தனியே குழியில் கொட்டுங்கள். கன்றுக்கு விட வேண்டாம்.