ஆஸ்கர் முதல் யமாத்தோ வரை: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஆண் உடையில் வாள் பிடிக்கும் பெண்கள் அனிமேயில், அதாவது ஜப்பானிய அசைபடங்களில், இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்?

பதில்: நாடக மேடையிலிருந்து. ஜப்பானின் ஹியோகோ மாநிலத்துத் தகராசுக்கா நகரில் 1914 முதல் பெண்கள் மட்டுமே நடிக்கும் குழு ஒன்று இருக்கிறது. ஆண் வேடமும் அவர்களுடையதே. ரசிகைகள் உருகுவதும் பெரும்பாலும் அந்த ஆண் வேடக்காரிகளுக்காகத்தான். சித்திரக்கதைக் கலைஞர் டெசுகா ஒசாமு அந்த ஊரில் வளர்ந்தவர். 1953இல் அவர் தொடங்கிய 'ரிபான் நோ கிஷி' சித்திரக்கதையின் இளவரசி சஃபையருக்கு ஆண் இதயம், பெண் இதயம் இரண்டும் உண்டு. பெண் அரியணை ஏற முடியாது என்பதால் இளவரசனாக வளர்கிறாள். பின்னால் வந்த பலருக்கும் அவள்தான் மூத்தவள்.

கேள்வி: 'வெர்சாயின் ரோஜா' ஆஸ்கரைத் திருநம்பி என்று சொல்லலாமா?

பதில்: நான் சொல்லமாட்டேன். ஆனால் சொல்பவரோடு சண்டைக்கும் போகமாட்டேன். இக்கேடா ரியோகோ 1972இல் தொடங்கிய சித்திரக்கதை இது; நடப்பது பிரெஞ்சு அரண்மனையில். ஆண் வாரிசு இல்லாத தளபதி, கடைசி மகள் ஆஸ்கரை மகனாக வளர்க்கிறார். இது மாறுவேடம் அல்ல; அவள் பெண் என்பது அரண்மனைக்கே தெரியும். ஃபெர்சன் என்ற பிரபு மீதுள்ள காதலுக்காக ஒரே ஒரு முறை கவுன் அணிந்து நடனத்துக்குப் போகிறாள், அதோடு அந்த ஆசையை விட்டுவிடுகிறாள். கவுனை அவள் மறுப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டினால், தந்தை தன்மீது சுமத்திய வாழ்க்கையைப் பிறகு தன்னுடையதாக்கிக்கொள்ளும் அந்தப் பாடு காணாமல் போகும். எனக்கு அந்தப் பாடுதான் கதை. 1974இல் தகராசுக்கா குழு இதை மேடையேற்றியபோது, மேடையில் பிறந்த மரபு மேடைக்கே திரும்பியது.

கேள்வி: 'ஒன் பீஸ்' என்ற கடற்கொள்ளையர் கதையில் வரும் யமாத்தோ ஆணா பெண்ணா? நண்பர்களுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது.

பதில்: யமாத்தோ தன்னைக் கடற்கொள்ளைத் தலைவன் கைடோவின் மகன் என்கிறார். அவர் போற்றும் வீரன் ஓடென். ஓடென் ஆண், நான் ஓடென், ஆகவே நானும் ஆண் என்பது அவர் வாதம். பாத்திரங்களைப் பற்றி வெளியான அதிகாரபூர்வத் தகவல் அட்டையோ பெண் என்கிறது. ஒரு தரப்பு அட்டையைக் காட்டுகிறது, மறு தரப்பு வசனத்தைக் காட்டுகிறது. பாத்திரத்தின் வாயிலிருந்து வருவதற்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். அதே கதையில் கிக்கு என்ற சாமுராய் வீரர், உள்ளத்தால் தான் பெண் என்று சொல்லிவிடுகிறார். அங்கே இவ்வளவு கூச்சல் இல்லை.

கேள்வி: 'ஒன் பீஸ்' நாயகன் லஃபிக்குக் குரல் கொடுப்பவர் பெண்ணாமே?

பதில்: ஆம், தனாகா மயுமி. 'டிராகன் பால்' நாயகன் கோகுவுக்கும் நொசாவா மசாகோ என்ற பெண்தான் குரல். சிறுவர்களின் குரல் உடைந்துவிடும். பெண் குரல் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். இது தொழில் வசதி. இதை வைத்து லஃபியின் பாலினத்தை ஆராயவேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டுப் பதிப்புகளில் பாத்திரங்களை மாற்றினார்களா?

பதில்: தாராளமாக. 'செய்லர் மூன்' தொடரில் காதலர்களான ஹாருகாவும் மிச்சிருவும் பழைய ஆங்கிலப் பதிப்பில் ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆனார்கள். ஸோய்சைட் என்ற ஆணுக்குப் பெண் குரல் கொடுத்து, பெண்ணாகவே ஆக்கிவிட்டார்கள். கூர்ந்து பார்த்த ரசிகர்களுக்கு, அந்தச் 'சகோதரிகள்' கைகோத்து நடப்பது இன்னும் விசித்திரமாகப் பட்டது.

கேள்வி: வேடிக்கைக்காக அல்லாமல் இதை நேராகப் பேசும் தொடர் எது?

பதில்: 'ஹோரோ முசுகோ', 2011இல் வந்த அனிமே. பெண்ணாக வாழ விரும்பும் நித்தோரி, ஆணாக விரும்பும் தகத்சுகி என்ற இரு பள்ளிப் பிள்ளைகள். சண்டை இல்லை, மந்திரம் இல்லை. 'ரன்மா' தொடரில் குளிர்ந்த நீர் பட்டதும் நாயகன் பெண்ணாக, நொடியில் நடக்கும் மாற்றம், இங்கே சீருடை போடும் ஒவ்வொரு காலையிலும் மனத்தை அழுத்துகிறது.