தூரம் காட்டும் கேம்கள்: வாசகர் கேள்வி-பதில்

தக்கலை வாசகி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகனின் கேமில் 'அருகில் உள்ளவர்கள்' என்று ஒரு பட்டியல். அதில் '1.2 கி.மீ.' தூரத்தில் இருக்கும் யாரோ 'எந்த ஸ்கூல்?' என்று கேட்டிருக்கிறார். எங்கள் இடம் கேமுக்கு எப்படித் தெரியும்?

பதில்: பையனைத் திட்டாதீர்கள் அம்மா, தப்பு அவன் மேல் இல்லை. ஜிபிஎஸ், சுற்றியிருக்கும் வைஃபை, செல்போன் டவர் இவற்றை வைத்து போன் தன் இடத்தைக் கணிக்கிறது. லொகேஷன் அனுமதி இருந்தால் கேம் அதை வாங்கி சர்வருக்கு, அதாவது கேம் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு, அனுப்பும். சர்வர் இருவர் இடத்தையும் ஒப்பிட்டுத் தூரம் சொல்லும்.

"தூரம்தானே, வீட்டு நம்பரா காட்டுகிறோம்?" என்பார்கள் கேம்காரர்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து உங்கள் பையன் எவ்வளவு தூரம், பத்மநாபபுரம் அரண்மனை வாசலிலிருந்து எவ்வளவு, குமாரகோவிலிலிருந்து எவ்வளவு என்று பார்த்து, மேப்பில் மூன்று வட்டம் போட்டால் அவை வெட்டிக்கொள்வது உங்கள் தெருவில். அலையக்கூட வேண்டாம், போலி லொகேஷன் காட்டும் ஆப் போதும். அருகில் இருப்பவர்களைக் காட்டும் இதே மாதிரி வசதியை டெலிகிராம் 2024-ல் எடுத்தே விட்டது.

செட்டிங்ஸில் அந்த கேமின் லொகேஷன் அனுமதியை நிறுத்துங்கள். கொடுத்தே தீர வேண்டுமென்றால் 'தோராயமான இடம்' மட்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் உண்டு, ஐபோனில் 2020 முதல். புரொஃபைலில் யூனிஃபார்ம் போட்ட படம் இருந்தால் இன்றே எடுங்கள். அந்த ஆள் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். மறுபடி வந்தால் 1098-க்கு அழையுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் அது.

மார்த்தாண்டம் வாசகர்: அண்ணனும் நானும் புளூடூத்தில் ஆடும் கேமும் லொகேஷன் கேட்கிறது. திருட்டா?

பதில்: போன் பழசா? ஆண்ட்ராய்டு 11 வரை, பக்கத்து போனை புளூடூத்தில் தேடவே லொகேஷன் அனுமதி வேண்டும். 12-ல்தான் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்தது. புது போனிலும் கேட்டால் சந்தேகப்படலாம்.

வடசேரி வாசகர்: கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தேன். இப்போது ஒரே விளம்பரத் தொல்லை.

பதில்: படிக்காமல் தொட்டது யார் விரல்?

குளச்சல் வாசகர்: மற்றவர் கண்ணில் படாமல் ஆடலாம் என்று 299 ரூபாய் வாங்கினார்கள். இன்னும் பட்டியலில் தெரிகிறேன்.

பதில்: அநியாயம். பிளே ஸ்டோரில் கட்டி 48 மணி நேரம் ஆகவில்லையென்றால் கூகுளிடமே ரீஃபண்ட் கேளுங்கள். தாண்டிவிட்டால் கேம் கம்பெனிக்கு எழுதுங்கள். பதில் இல்லையா, 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 299 ரூபாய்தானே என்று விடாதீர்கள். காசை வாங்கிவிட்டுச் சொன்னதைச் செய்யாதது சேவைக் குறைபாடு.

திங்கள்சந்தை வாசகர்: போனோடு இணைத்து கேம் ஆடும் பட்டன் கருவி, 600 ரூபாய் கேம்பேட், வாங்கலாமா? அதற்கென்று தனி ஆப் போட வேண்டுமாம்.

பதில்: நாகர்கோவிலில் ஒரு கடையில் நானும் ஒன்று வாங்கினேன். அதன் ஆப் லொகேஷன், மைக், போனில் உள்ள நம்பர்கள் எல்லாம் கேட்டது. பட்டனை அமுக்க என் மச்சான் நம்பர் எதற்கு? ஒரே மாதத்தில் வலது பட்டன் உள்ளே போனது வெளியே வரவில்லை. கடைக்காரர் பில் கேட்டார். பில் போடாதவரே அவர்தான். ஆப் இல்லாமல் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள், பில்லோடு.