பிரேக் பெடல் இறுகினால் பூஸ்டரைக் கழற்றாதீர்கள், வேக்குவம் கேஜை மாட்டுங்கள்

கேள்வி: என்னுடையது பழைய பெட்ரோல் கார். எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து வந்ததிலிருந்து பிரேக் பெடல் கல்லாக இருக்கிறது. நெடுஞ்சாலையில் பரவாயில்லை. சிக்னலில் ஊர்ந்து போகும்போதும், பார்க்கிங்கில் முன்னே பின்னே எடுக்கும்போதும்தான் தொல்லை. முதல் மிதி சுமாராகப் பிடிக்கிறது, உடனே மறுபடி மிதித்தால் இறங்கவே மாட்டேன் என்கிறது. ஏசி போட்டால் இன்னும் மோசம். பேட் மாற்றியாச்சு, மாஸ்டர் சிலிண்டரும் மாற்றியாச்சு. இப்போது பூஸ்டரையும் (மிதிக்கும் காலுக்குத் துணை தரும் பெட்டி) மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா சார்?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். "எஞ்சின் வேலை பார்த்து வந்ததிலிருந்து" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அந்த வரியிலேயே இருக்கிறது. மீதிப் பாதி, நெடுஞ்சாலையில் பரவாயில்லை, சிக்னலில் மோசம் என்பதில். பூஸ்டரே கெட்டிருந்தால் அது ரோடு பார்த்து வேலை செய்யாது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படுத்தும். ஓட்டத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சினுக்குக் காற்று விடும் கதவான திராட்டில் மூடி, வேக்குவம் (எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் வரும் குறைந்த அழுத்தம்) நன்றாக ஏறுகிறது. அதனால் அங்கே பிரேக் பிடிக்கிறது. ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, உங்கள் எஞ்சின் போதுமான வேக்குவம் தருவதில்லை, அல்லது தருவது பூஸ்டர் வரை போய்ச் சேருவதில்லை. இந்த இரண்டில் எது என்று பார்த்தால் போதும்.

பூஸ்டருக்கு என்று தனிச் சக்தி எதுவும் கிடையாது. தகரப் பெட்டிக்குள் ஒரு ரப்பர் டயாபிரம். ஒரு பக்கம் எஞ்சின் உறிஞ்சிய வேக்குவம், மறுபக்கம் நீங்கள் மிதித்ததும் உள்ளே வரும் வெளிக்காற்று. இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் உங்கள் காலுக்குத் துணையாகத் தள்ளுகிறது. 23 செ.மீ. விட்டமுள்ள டயாபிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேக்குவம் கேஜில் 18 அங்குலம் (பாதரச அங்குலம், வேக்குவத்தை அளக்கும் அலகு) இருந்தால் தள்ளுவிசை ஏறக்குறைய 250 கிலோ. அதே பூஸ்டருக்கு 10 அங்குலம்தான் கிடைக்கிறது என்றால் 140 கிலோ. பூஸ்டர் புதிதா பழையதா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை, பாருங்கள்.

முதலில் கருவி எதுவும் இல்லாமல் ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் இறுகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டருக்கு உயிர் இருக்கிறது. அப்புறம் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சற்றுப் பொறுத்து மிதித்துப் பாருங்கள். முதல் மிதி ஆழமாகவும், அடுத்தடுத்தவை மேலே மேலேயும் நிற்க வேண்டும். முதல் மிதியே இறுகி நின்றால், சேர்த்து வைத்த வேக்குவம் எங்கோ கசிந்துவிட்டது. காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் ஹோஸ் பூஸ்டருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் வால்வு அது. கழற்றி ஊதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், எஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் போகக் கூடாது.

அடுத்தது வேக்குவம் கேஜ். எஞ்சின் வேலை செய்கிறவர் கையில் இது இல்லை என்றால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஸ்கேனர் வந்த பிறகு பல பேர் இதை மறந்தே போனார்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) நேரடியாக மாட்டிப் பாருங்கள். சாதாரண பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்டும், முள் ஆடாமல் நிற்கும். உயரமான மலை ஊர் என்றால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் ஒரு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். அங்கே அது கோளாறு இல்லை.

மேனிஃபோல்டில் 18 இருக்கிறது, பெடல் மட்டும் இறுகுகிறது என்றால் கேஜைக் கழற்றி, T வடிவ இணைப்பு போட்டு, பூஸ்டர் முனையில் மாட்டுங்கள். மிதித்து விட்டதும் முள் விழுந்து சட்டென்று ஏற வேண்டும். ஆடி அசைந்து ஏறினால் வழியில் அடைப்பு. என் பட்டறைக்கு இப்படி வந்த ஒரு காரில் ஹோஸ் பார்ப்பதற்குப் புத்தம் புதிது, கிளிப் கூடப் பளபளவென்று இருந்தது. குளிர்ந்த எஞ்சினில் எல்லாம் சரி, பத்து நிமிடம் ஓடியதும் பெடல் இறுகிவிடும். சூடான நிலையில் ஹோஸை விரலால் தடவிப் பார்த்தேன். வளைவில் நடுப்பகுதி தட்டையாகச் சப்பிப்போய் உள்சுவர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. யாரோ பெட்ரோல் ஹோஸை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அது உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும், உறிஞ்சுவதைத் தாங்காது, சூட்டில் இன்னும் தளர்ந்துவிடும். பிரேக் பூஸ்டருக்கென்றே வரும் கெட்டி ஹோஸ் போட்டதோடு கதை முடிந்தது. பழைய ஹோஸிலும் உள்பூச்சு உரிந்து வழியை அடைப்பது உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உங்கள் கார் எஞ்சின் வேலைக்குப் போய் வந்ததால் இதையும் பாருங்கள். இறக்கி ஏற்றும்போது கையில் கிடைத்த ஹோஸைப் போடுவது அடிக்கடி நடக்கிற விஷயம்.

மேனிஃபோல்டிலேயே 12, 13 என்று காட்டினால், பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி எஞ்சின் பக்க முனையை அடைத்துவிடுங்கள். இதை வண்டி நின்ற இடத்தில், ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் செய்ய வேண்டும். அடைத்ததும் முள் ஏறி ஐடிலிங்கும் மாறினால், ஹோஸில் கசிவு இல்லாத பட்சத்தில், பூஸ்டர் டயாபிரம் கிழிந்திருக்கிறது. அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி, மாற்றிவிடுங்கள். முள் அசையவில்லையா? பூஸ்டரை விட்டுவிட்டு எஞ்சினைப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரம். பெல்ட்டோ செயினோ ஒரு பல் தள்ளி விழுந்திருந்தால் எஞ்சின் ஓடும், ஆனால் வேக்குவம் கீழேயே ஒரே இடத்தில் நிற்கும். இக்னிஷன் டைமிங் பின்தங்கி, தீப்பொறி தாமதமாக விழுந்தாலும் இதே கதை: ஐடிலிங் நிலையாக நிற்காது, நிற்க வைக்க ஸ்லோவை (ஐடிலிங் வேகத்தை) ஏற்றுவார்கள். ஸ்லோவை ஏற்றுவது என்றால் திராட்டிலைக் கொஞ்சம் திறந்து வைப்பது, திறந்தால் வேக்குவம் விழும். ஏசி போட்டால் மோசமாவதும் இதே காரணத்தால்தான். கம்ப்ரஸர் பாரத்தைச் சமாளிக்க எஞ்சினுக்குள் கூடுதல் காற்று விட வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் மேல், மேனிஃபோல்டு பேக்கிங் (இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் தகடு) சரியாக உட்காராமல் காற்று இழுக்கலாம். சந்தேகப்படும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், ஐடிலிங் மாறினால் கசிவு அங்கேதான். சூடான எஞ்சின் மேல் பெட்ரோலோ கார்ப்ரேட்டர் கிளீனரோ அடித்துச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தீப்பிடிக்கும், வேண்டாம். முள் ஒரே சீராகத் துடித்துத் துடித்து விழுந்தால் ஒரு வால்வு முழுதாக மூடவில்லை, வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளியைப் பாருங்கள்.

காரணம் தெரியும் வரை அந்தக் காரை நெரிசலுக்குள் எடுத்துப் போகாதீர்கள். துணை இல்லாவிட்டாலும் பிரேக் பிடிக்கும்தான், ஆனால் அவசரத்தில் அவ்வளவு பலமாக மிதிக்க எல்லாராலும் முடியாது.

கேள்வி: பவர் கூட வேண்டும் என்று வேறு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டேன். ஐடிலிங்கில் 10 அங்குலம்தான் வருகிறது. வேக்குவம் டேங்க் ஒன்று வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பதில்: சேமிக்கும், உற்பத்தி செய்யாது. காலை எடுக்கும்போது ஏறுகிற வேக்குவத்தை வால்வு வழியாகப் பிடித்து வைத்து, கூடுதலாக ஒன்றிரண்டு மிதிக்குத் தரும். நீண்ட நேரம் ஊர்ந்துகொண்டே மிதித்தால் டேங்கும் அந்த 10 அங்குலத்துக்கே வந்துவிடும். இந்த மாதிரிக் கேமில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். அதனால் கோளாறே இல்லாமலும் வேக்குவம் குறையும். ஐடிலிங்கில் இக்னிஷனைக் கொஞ்சம் அட்வான்ஸ் செய்தால், அதாவது தீப்பொறியைச் சற்று முன்னதாக விழ வைத்தால், ஓரிரு அங்குலம் திரும்பக் கிடைக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். போதவில்லை என்றால் 12 வோல்ட் வேக்குவம் பம்ப்தான் நியாயமான வழி. ரிலே, ஃபியூஸ், வேக்குவம் ஸ்விட்ச் மூன்றும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பம்ப் ஓயாமல் ஓடிச் சீக்கிரம் சாகும். மாஸ்டர் சிலிண்டரை உள்விட்டம் சிறியதாக மாற்றினால் மிதி லேசாகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பெடல் இறங்கும் தூரம் கூடிவிடும். கணக்குப் பார்க்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: டீசல் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: மேனிஃபோல்டு பகுதி பொருந்தாது. வழக்கமான டீசலில் காற்றை மூடிப்பிடிக்கும் திராட்டில் கிடையாது, அதனால் மேனிஃபோல்டில் நம்பத்தக்க வேக்குவமும் இல்லை. தனி வேக்குவம் பம்ப் இருக்கும், சில வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம், சிலவற்றில் கேம்ஷாஃப்ட் முனையில். பெடல் இறுகினால் பம்பின் வாயிலேயே கேஜை வைத்துப் பாருங்கள். அதற்கு எஞ்சின் ஆயில்தான் போகிறது, ஆயில் வரும் வழி அடைத்தாலும் பம்ப் படுத்துவிடும்.

கேள்வி: மலையிறக்கத்தில் எரிபொருள் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குகிறேன். பாதிவழியில் பிரேக் இறுகுகிறது. பூஸ்டர் கோளாறா?

பதில்: பூஸ்டர் நன்றாகவே இருக்கிறது. அணைத்த பிறகு அதில் மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று மிதிக்கான வேக்குவம் மட்டும், அதைத்தான் நீங்கள் தீர்த்துவிடுகிறீர்கள். சாவியை முழுதாகத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். கியரில் போட்டு, காலை எடுத்து இறங்குங்கள். எஞ்சினே பிடித்துக்கொள்ளும், வேக்குவமும் நிறையக் கிடைக்கும். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால், அப்படி இறங்கும்போது ஐடிலிங்குக்கு மேல் வேகம் இருக்கும் வரை பெரும்பாலும் பெட்ரோலையும் தானே நிறுத்திவிடும்.