பெயர் இரண்டு, மருந்து ஒன்று

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூச்சி பற்றியவை. பெரும்போக மழைக்கு விதைத்த சோளன் முழங்கால் உயரம் வரும் காலம், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: மூதூர் பக்கம் இரண்டு ஏக்கர் சோளன் செய்கிறேன். முளைத்து மூன்றாவது கிழமையில் இலை ஓட்டை ஓட்டையாக வந்தது. கடையில் ஒரு போத்தல் தந்தார்கள், அடித்தேன், சரிவரவில்லை. பத்து நாள் கழித்துத் திரும்பப் போனால், "அது பழசு நானா, இது வேற மருந்து, புதுக் கம்பனி" என்று கூடின விலைக்கு இன்னொன்றைத் தந்தார் முதலாளி. அதற்கும் புழு சாகவில்லை. வீட்டுக்கு வந்த மகன் இரண்டு போத்தலையும் வாசித்துவிட்டு, இரண்டிலும் இருப்பது எமாமெக்டின் பென்சோயேற்தான் என்கிறான். காசைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: உங்கள் மகன் வாசிக்க வேண்டிய இடத்தை வாசித்திருக்கிறார். போத்தலில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். உள்ளே வேலை செய்யும் மருந்தின் பெயர் சின்ன எழுத்தில், இத்தனை வீதம் என்றோ லீற்றருக்கு இத்தனை கிராம் என்றோ ஓர் அளவோடு இருக்கும். ஒரே மருந்தைப் பல கம்பனிகள் பல பெயரில் பதிந்து விற்கலாம். பரசிற்றமோல் எத்தனை பெயரில் வருகிறது, அந்தக் கதைதான். ஆகவே கடையில் இரண்டு பெயரும் இருந்ததில் பிழையில்லை. "வேற மருந்து" என்று சொல்லி விற்றதுதான் பிழை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாங்குபவரை ஏமாற்றும் விதமாக வியாபாரம் செய்வதைத் தடுக்கிறது (30ஆம் பிரிவு). முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவர்களின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஆனால் நானா, பில் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அதனால் இல்லையென்றே நினைக்கிறேன். கேட்டால் பில் கொடுத்தே ஆக வேண்டும், அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. பொருளின் பெயர், போத்தலில் உள்ள தொகுதி இலக்கம் இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இப்போதைக்கு இரண்டு வெற்றுப் போத்தலையும் எடுத்துக்கொண்டு கடைக்கே போய் அமைதியாகப் பேசிப் பாருங்கள். அடுத்த போகத்துக்கும் நீங்கள் அங்கேதான் வருவீர்கள் என்பது முதலாளிக்கும் தெரியும்.

சரி, காசை விடுங்கள். புழு ஏன் சாகவில்லை? உங்கள் சோளனில் இருப்பது சேனாப் படைப்புழுவாக இருக்க வேண்டும். எமாமெக்டின் அதற்கு எடுபடாத மருந்தல்ல. அமெரிக்கக் கண்டத்துப் புழு இது. 2016இல் ஆபிரிக்காவுக்கு வந்து, 2018இல் இந்தியாவில் தெரிந்து, அதே ஆண்டுப் பெரும்போகத்தில் நம் சோளத்தையும் பிடித்தது. பகலில் குருத்துக்குள் ஒளிந்துகொள்ளும். வளர்ந்த புழு இருக்கும் குருத்தை விரித்துப் பார்த்தால் ஈரமான மரத்தூள் போல எச்சம் அடைத்துக்கொண்டு நிற்கும். அதைக் கிளறினால் அடியில் ஆள் இருப்பார். தலையில் கவட்டைத் தடியைத் தலைகீழாகப் பிடித்தது போல ஒரு வெளிறிய கோடு. வால் பக்கம், தாயக்கட்டையில் நாலு விழுந்தது போல, சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. இந்த இரண்டும் இல்லையென்றால் அது வேறு புழு. இலையின் குறுக்கே ஒரே வரிசையில் சின்ன வட்ட ஓட்டைகள் மட்டும் தெரிந்தால் தண்டு துளைப்பானைச் சந்தேகியுங்கள்.

காலை பத்து மணி வெயிலில், இலைக்கு மேலால் விசிறிவிட்டால் மருந்து அந்த மரத்தூளைத் தாண்டாது. விடியவோ பொழுது சாயவோ, தெளிகருவியின் வாயைக் குருத்துக்கு நேரே பிடித்து அடிக்க வேண்டும். அதைவிட முக்கியம் நாள். முட்டை பொரித்த புதிதில் புழு இலையைச் சுரண்டித்தான் தின்னும். பச்சை போய்த் தோல் மட்டும் கண்ணாடி போல மிஞ்சியிருக்கும். அப்போது அடித்தால் காசுக்குப் பலன் உண்டு. பெரிய ஓட்டை தெரிந்தபின் கடைக்கு ஓடினால் புழு பாதி வயதைத் தாண்டியிருக்கும்.

அடுத்த தடவை மருந்து மாற்றும்போது அது எந்த வகைக் கூட்டத்து மருந்து என்று பாருங்கள். பூச்சியை எந்த வழியில் கொல்கிறது என்பதை வைத்து மருந்துகளுக்கு உலகம் முழுவதும் ஒரே எண் கொடுத்திருக்கிறார்கள். எமாமெக்டின் 6. ஸ்பினோசாட், ஸ்பினெடோரம் இரண்டும் 5. குளோரன்ட்ரானிலிப்ரோல் 28. புளூபெண்டியமைட் என்று வாயில் நுழையாத இன்னொரு பெயர் உண்டு, அதுவும் 28தான். ஆகவே மருந்தின் பெயர் வேறாக இருந்தாலும் எண் ஒன்றானால் புழுவுக்கு அது பழைய ஆள். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தால் தப்பிப் பிழைக்கிற புழுக்களின் பிள்ளைகளுக்கு அந்த மருந்து உறைக்காது.

வாங்குவதற்கு முன் எண்ணிப் பார்க்கவும் வேண்டும். வயலில் ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாக நூறு செடி பாருங்கள். இளம் பயிரில் இருபதுக்குக் குறைவான செடியில்தான் புதுச் சேதம் என்றால் அந்தக் கிழமை மருந்து வாங்காமல் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. சோளன் கொஞ்சம் இலை போனாலும் எழும்பிவிடும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், இல்லையென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழையுங்கள். மருந்து விற்பவரிடம் மருந்து வேண்டுமா என்று கேட்டால் என்ன பதில் வரும்!

கேள்வி: எனக்கு அரை ஏக்கர் கச்சானும் கொஞ்சம் சோளனும்தான். முழுப் போத்தல் எனக்கு அதிகம். கடைக்காரர் சோடாப் போத்தலில் ஊற்றி, தேவையான அளவு மட்டும் மலிவாகத் தருகிறார். வாங்கலாமா? (கிண்ணியா)

பதில்: வேண்டாம். பீடைகொல்லியை மூலப் போத்தலிலிருந்து பிரித்து விற்கக் கூடாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டு, லேபலோடுதான் அது விற்பனைக்கு வர வேண்டும். சோடாப் போத்தலில் என்ன மருந்து, எப்போது காலாவதி, எத்தனை மடங்கு தண்ணீர் கலந்தது என்று யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் உள்ள வீட்டில் அது அடுப்படிப் பக்கம் ஒரு நாள் இருந்தாலே போதும். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள், வாந்தியெடுக்க வைக்காதீர்கள், லேபலுள்ள போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சோடாப் போத்தலைக் கொண்டுபோனால் டொக்டர் எதை வாசிப்பார்?

சில மருந்துகள் சின்னப் பைக்கற்றிலேயே வருகின்றன, அதைக் கேளுங்கள். அல்லது பக்கத்து வளவுக்காரரோடு சேர்ந்து ஒரு போத்தல் வாங்கி, ஒரே நாளில் இரண்டு காணிக்கும் அடித்து முடியுங்கள். காலாவதித் திகதியையும் பாருங்கள். நானே ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய போத்தலில் திகதிக்கு மேல் விலைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து நகத்தால் சுரண்டியபோது முடிந்து எட்டு மாதம்.

கேள்வி: இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு நாலு மாட்டினால் மருந்தே தேவையில்லை என்று ஒருவர் வீடு வீடாக விற்கிறார். உண்மையா? (கந்தளாய்)

பதில்: பொறி நல்லது, அவர் சொல்லும் காரணம் சரியில்லை. பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் பொறி என்பதால் அதில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டும். முட்டையிடும் பெண் பூச்சி பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். பூச்சி வந்துவிட்டது, இனி வயலைப் பார் என்று சொல்லும் மணியாக அதை வைத்திருங்கள். வாங்குவதென்றால் உள்ளே வைக்கும் வாசனை வில்லை எந்தப் பூச்சிக்கானது என்று கேளுங்கள். புகையிலைப் புழுவுக்கான வில்லையைச் சோளத்தில் கட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. வில்லை சில கிழமைகளில் வீரியம் இழக்கும், மாற்று வில்லை தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். கிடைக்காதென்றால் நீங்கள் வாங்குவது ஒரு பிளாஸ்ரிக் வாளி.

கேள்வி: வீதியில் அவித்த சோளம் வாங்கினேன். பொத்தியின் நுனியில் புழு. எறிந்துவிட்டேன். மருந்தடிக்காத சோளம் என்றால் புழு இருக்கும், அது நல்லதுதான் என்று அக்கா சொல்கிறாள். சரியா? (உவர்மலை)

பதில்: அக்காவின் கணக்கு பாதிதான் சரி. புழு இருப்பது மருந்தடிக்கவில்லை என்பதற்குச் சாட்சியல்ல. மேலே மூதூர்க்காரர் இரண்டு போத்தல் அடித்தும் புழு இருக்கிறதே. பொத்திக்குள் போன புழுவை மருந்து எட்டுவதும் கஷ்டம். நுனியை இரண்டு விரல் அகலம் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, அது அவிந்த புழு.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒவ்வொரு மருந்துக்கும், கடைசியாக அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் முறிக்கலாம் என்று லேபலில் ஒரு கணக்கு உண்டு. காய்ந்த சோளத்துக்கு அது பெரும்பாலும் தானாகவே கழிந்துவிடும். அவிக்க முறிக்கும் பச்சைப் பொத்திக்குத்தான் அவசரம். தோட்டத்தோடு சேர்த்து வைத்து விற்பவரிடம் வாங்கினால் கடைசியாக எப்போது அடித்தது என்று கேட்கலாம். உறையோடு அவித்ததை வாங்கி நீங்களே உரிப்பது இன்னும் நல்லது.

கேள்வி: கௌபி பத்துக் கிலோ மொத்தமாக வாங்கினேன். வாங்கும்போது ஒரு ஓட்டையும் இல்லை. ஒரு மாதத்தில் வாளி நிறைய வண்டு. கடைக்காரர், "உங்க வீட்டு வாளியில இருந்த வண்டு தங்கச்சி" என்கிறார். (தம்பலகாமம்)

பதில்: அவர் சொல்வது போலவும் நடக்கலாம், ஆனால் நாள் கணக்கு உங்கள் பக்கம் நிற்கிறது. இந்த வண்டு வயலிலேயே காயில் முட்டையிடும், களஞ்சியத்திலும் இடும். பொரித்த புழு நேரே தானியத்துக்குள் துளைத்துப் போய்விடும். முட்டையிலிருந்து வண்டாகி வெளியே வர நம் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதம். வாங்கிய அன்று ஓட்டை இல்லாததன் காரணம் இதுதான்.

அடுத்த முறை ஒரு பிடி எடுத்து வெளிச்சத்தில் உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். தோலில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைப் பொட்டு ஒட்டியிருக்கும், ஊதினால் போகாது, நகத்தால் சுரண்டினால்தான் வரும். அது முட்டை. ஐந்தாறு மணியில் கண்டால் அந்த மூட்டையை விடுங்கள். பயறிலும் இதே வண்டுதான் வரும், பார்க்கும் விதமும் இதேதான்.

பத்துக் கிலோ வாங்கியே ஆக வேண்டுமென்றால் நன்றாக வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத போத்தல்களில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் இடமிருந்தால் இரண்டு இரண்டு கிலோவாக ஒரு கிழமை வைத்து எடுங்கள், முட்டையும் சாகும். ஈரம் வெளியில் படாமல் பையோடு ஆறவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். நெல் களஞ்சியத்தில் போடும் புகை மாத்திரையை யாராவது தந்தால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் வாயு வண்டை மட்டும் பார்த்துக் கொல்லாது, பக்கத்து அறையில் படுத்திருப்பவரையும் கொல்லும்.

வண்டு வந்த பத்துக் கிலோவைக் கோழிக்குப் போடுங்கள். கடைக்காரரிடம் இந்த ஒரு மாதக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், பாதிக் காசாவது திரும்பலாம்.